கண்டி ரோடா, செங்கலடி ரோடா

“ஆகஸ்ட் 12. விடியப் புறப்பாடு. தோட்டம், பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா, செங்கலடி, வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, அனுராதபுரம், மதவாச்சி, மடு. எலுமிச்சம்பழம் மறக்க வேண்டாம்.”

இது அப்பாவின் கையெழுத்து. பெட்ரோல் செட்டில் இனாமாகக் கொடுத்த இலங்கை வரைபடம் ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார். அதற்கு மேலே இன்னொரு வரிசை: பதுளை, வெலிமடை, நுவரெலியா, றம்பொடை, கம்பளை, கண்டி, மாத்தளை, தம்புள்ளை. அதை ஒரே கோட்டில் அடித்திருக்கிறார். திகதி உண்டு, ஆண்டு இல்லை. நான் ஐந்தாம் வகுப்பில் ஞானோபதேசம் என்ற வேதப் பாடத்துக்குப் பரிசு வாங்கியதற்கு அடுத்த விடுமுறை அது என்பது நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே எழுபதுகளின் கடைசி. அதற்கு மேல் அடித்துச் சொல்லமாட்டேன்.

போன மாதம் என் மகன் மடு மாதா கோயிலுக்குப் போக வழி பார்த்தான். கைத்தொலைபேசி ஒரு நொடியில் மூன்று நீலக் கோடுகளைப் போட்டுக் காட்டியது. “எது வேகமோ அதுதாம்மா” என்றான். என் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நமக்கு ஒரு காலமும் வேகம் கணக்கில் இருந்ததில்லை. எந்த ரோட்டில் நம்ம ஆட்கள் இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. எந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இறங்கி முகம் கழுவலாம், எங்கே பிள்ளைகளைப் படுக்கவைக்கலாம், யார் வீட்டில் இறங்காவிட்டால் அடுத்த கல்யாணத்தில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும், இவற்றை வைத்துத்தான் வழி போட்டோம்.

எங்கள் தோட்டம் பதுளைக்கும் பசறைக்கும் நடுவே, நமுனுகுல மலை தெரியும் இடத்தில் இருந்தது. தோட்டத்து வாசலில் இறங்கினால் ஒரே ரோடு. ஒரு கைப்பக்கம் திரும்பினால் பதுளை, வெலிமடை, கண்டி. மறு கைப்பக்கம் திரும்பினால் பசறை, பிபிலை, செங்கலடி. இரண்டு பக்கமாகவும் மடுவுக்குப் போகலாம். ஆனால் செங்கலடிப் பக்கம் எங்களுக்கு ஒரு குருவி கூடச் சொந்தமில்லை. அதனால் மாதா திருநாளுக்கு ஒவ்வொரு வருடமும் கண்டி ரோடுதான். அந்த வருடம் மட்டும் அப்பா வழியை மாற்றினார். மாற்றியது அத்தைக்காக.

அத்தை அப்பாவின் அக்கா. அப்பா படித்துத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் ஆகிவிட்டார். அத்தை லயத்திலேயே இருந்தார், கொழுந்து பறித்தார், காலையில் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பெயர் கொடுத்தார். மாமா இறந்து நெடுநாள். ஒரே மகள். அவளை நான் மதினி என்று கூப்பிடுவேன். எனக்குப் பேன் பார்ப்பதும், உச்சந்தலையில் எண்ணெய் வைத்து அறைவதும் மதினிதான்.

அந்தப் பயணத்துக்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு மதினி ஒருவரோடு போய்விட்டாள். மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட வந்திருந்த பையன். எங்கள் வேதம் இல்லை, முருகன் கோயில் வீட்டுப் பையன். செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை ஜெபம் முடியும்வரை பொறுத்திருந்தார். பிறகு எழுந்து பீடத்துக் கிராதியில் கையை வைத்து, எல்லாருக்கும் கேட்க, “மாதா மேல ஆணை, நான் சாகிறமட்டும் அவ வீட்டு வாசப்படியை மிதிக்கமாட்டேன்” என்றார். எங்கள் ஆட்களுக்குச் சத்தியம் என்றால் விளையாட்டல்ல. அதுவும் மடு மாதா பெயரில்.

நான் சொல்லும் வருடம் ஆனி மாதக் கடைசியில் இன்னொரு செய்தி வந்தது. மதினியின் புருஷன் வீட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் முடிவதற்குள் தலைமன்னாரில் கப்பல். இரண்டு அரசும் ஒப்பந்தம் போட்டு எங்கள் ஆட்களைப் பிரித்துக்கொண்ட அந்த நாட்களில் ஒவ்வொரு தோட்டத்திலும் இப்படி வீடுகள் காலியாகிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. போனவர்கள் திரும்பி வருவதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அத்தை வந்தால் மட்டும் பேச்சை மாற்றினார்கள். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு, உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும்: ஒருவருக்கு எது வலிக்கிறதோ அதை அவரிடம் கேட்கமாட்டோம். அதைத் தொடாமல் சுற்றிப் போவோம். அதுதான் மரியாதை என்று நினைத்தோம்.

அத்தைக்கும் தெரியும். அது எனக்கு மட்டும் தெரிந்தது. ஒரு சாயங்காலம் பீலிக்கரையில், தண்ணீர் கொட்டும் சத்தத்துக்கு மேல், அத்தை என்னிடம் கேட்டார்.

“ஏன் தாயி, நீ ஞானோபதேசத்துல பர்ஸ்டா வந்தவ தானே?”

“ஆமா அத்தை.”

“அப்ப ஒண்ணு சொல்லு. கண்டி ரோட்டுல மாத்தளை தாண்டி ஒரு சந்தி இருக்கு. அதுல இருந்துதான் ஒங்க மதினி தோட்டத்துக்கு ஏறணும். அந்தச் சந்தியில நின்னா, அது அவ வாசப்படி ஆகுமா?”

நான் ஞானோபதேசத்தில் படித்ததையெல்லாம் யோசித்தேன். பத்துக் கட்டளையில் சந்தி இல்லை.

“ரோடு கவுமெண்டுக்குச் சொந்தம் அத்தை” என்றேன்.

அத்தை குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தார். “அப்படிப் போடு. நானும் அதைத்தான் நெனச்சேன்.”

பிறகு தெரிந்தது, அத்தை எனக்கு முன்பே தீர்மானித்துவிட்டார் என்று. மேல் லயத்தில் ஒரு கல்யாணத்துக்கு மாத்தளைப் பக்கத்திலிருந்து வந்த பெரியவரிடம் வாய்ச்சேதி சொல்லி அனுப்பியிருந்தார். “ஆகஸ்ட் பன்னெண்டு, பதுளை வேன் கண்டி ரோட்டுல வரும். சந்தியில நில்லு. பார்த்துட்டுப் போயிர்றேன்.” வேன் எந்த ரோட்டில் வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அதே ரோடுதானே.

யாத்திரைக் கூட்டம் ஜூலைக் கடைசி ஞாயிறு ஜெபம் முடிந்து கோயில் வராந்தாவில் நடந்தது. கோயில் ஜெபத்தை நடத்தும் உபதேசியார் நாற்காலியில். மற்றவர்கள் பாயில். வேனின் சொந்தக்காரர் பதுளையில் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம்காரர்; நானா என்று கூப்பிடுவோம். தானே ஓட்டுவார். அவர் தூணில் சாய்ந்து நின்று பாலில்லாத பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார். அப்பா வரைபடத்தை விரித்து நான்கு மூலையிலும் பாட்டுப் புத்தகம் வைத்தார்.

“இந்த வருஷம் செங்கலடி ரோட்டால போவோம்னு பாக்குறேன்” என்றார்.

அத்தை நிமிர்ந்தார். “ஏன் தம்பி? எப்பவும் கண்டி ரோடு தானே?”

“வளைவு ஜாஸ்திக்கா. பிள்ளை றம்பொடையில குடலைக் கக்கிருது.”

“குளிருல வாந்தி வராது தம்பி. அந்தப் பக்கம் வெக்கை. வெக்கையிலதான் பிள்ளைக்கு வரும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வேனில் வாந்தி வருவது தோட்டம் அறிந்த விஷயம். அம்மா வயிற்றில் பத்திரிகைத் தாளை வைத்துக் கட்டுவார், கையில் எலுமிச்சம்பழம் கொடுப்பார். ஒன்றும் கேட்காது.

“எந்த ரோடுண்டாலும் இந்தப் புள்ள எடுக்கும்” என்றார் நானா. “போன வருஷம் நான் ஸ்டார்ட் பண்ண முந்தியே எடுத்திச்சே.”

சிரிப்பு அடங்கியதும், எங்களோடு ஒவ்வொரு வருடமும் வரும் புசல்லாவைக்கார அம்மா ஆரம்பித்தார். “கண்டி ரோட்டுல போகலைன்னா எங்க சின்னம்மா வீட்டுல எப்படி இறங்குறது? அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?”

“போன வருஷம் ஒங்க சின்னம்மா வீட்டுல டீ, அவங்க கொழுந்தனார் வீட்டுல டீ, அதுக்கப்புறம் யாருன்னே தெரியாத ஒரு வீட்டுல டீ” என்றார் உபதேசியார். “மடுவுக்குப் போறப்ப மர நெழலெல்லாம் மத்தவங்க புடிச்சிட்டாங்க. மூணு நாளும் வெயில்ல கெடந்து என் மண்டை உரிஞ்சிருச்சு.”

“அந்தப் பக்கம் யானை வருமாம்” என்றார் அத்தை.

“யானைக்கி நம்மட வேன்ல என்ன வேலை?” என்றார் நானா. “அது நேர் ரோடு. ஓட்டமாவடியில என்ட மச்சான் வீடு இரிக்கி. பகல் சோறு நான் பொறுப்பு. ஆத்து மீன்.”

“பிரேக்குக்கும் நல்லது” என்றார் அப்பா.

“தண்ணி கெடைக்காது தம்பி.”

“கேன்ல எடுத்துட்டுப் போவோம்க்கா.”

இப்போது நினைத்தால், அத்தை ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப் போட்டுப் பார்த்திருக்கிறார். குளிர், வெக்கை, யானை, தண்ணீர், என் வயிறு. ஒரே ஒரு காரணத்தைத் தவிர எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் உபதேசியார் செங்கலடி ரோடு என்று தீர்ப்புச் சொன்னதும், “சரி தம்பி, நீங்க படிச்சவங்க” என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். அப்பா அங்கேயே பென்சிலை எடுத்துப் பழைய வரிசையில் கோடு போட்டார்.

வீட்டுக்கு ஏறும் வழியில் அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “அந்தச் சந்தியைத் தாண்டுறப்ப அக்கா என்ன பாடுபடும்? புள்ளை கப்பலேறப் போறா, இது வேன்ல உக்காந்து அந்த மலையைப் பார்த்துக்கிட்டே போகணுமா? எறங்கவும் முடியாது, சத்தியம் பண்ணியிருக்கு. கண்ணுல காட்டாம கூட்டிட்டுப் போயிருவோம்.”

“அவங்க கண்டி ரோடு கண்டி ரோடுன்னு நின்னாங்களே” என்றார் அம்மா.

“அது வைராக்கியம். எனக்கு ஒண்ணுமில்லைன்னு ஊருக்குக் காட்டுறதுக்கு.”

அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு அக்கா என்றால் உயிர். தன் படிப்புக்காக அக்கா எட்டு வயதிலேயே கொழுந்துக்கூடை தூக்கியதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும். அன்று அவர் அக்காவுக்கு ஒரு நன்மை செய்துவிட்ட நிம்மதியில் நடந்தார். அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

மறுநாள் பீலிக்கரையில் அத்தை குடத்தை வைத்துவிட்டுச் சும்மா நின்றார். குடம் நிறைந்து வழிந்தது. “அனுப்புன சேதியை எப்படித் தாயி திருப்பி வாங்குறது?” என்றார். மாத்தளைக்குத் தந்தி அடிக்கத் தபால் கந்தோருக்குப் போனால் பசறை முழுக்கத் தெரிந்துவிடும். அத்தைக்கு எழுதத் தெரியாது. சொந்தத்தில் எழுதத் தெரிந்த பெரியவர் அப்பா மட்டும்தான். நான் எழுதினாலும் தோட்டத்துக் கடிதமெல்லாம் அப்பாவின் ஆபீஸ் வழியாகத்தான் போகும்.

ஆகஸ்ட் பன்னிரண்டு விடியற்காலை வேன் வாசலில் நின்றது. கூரையில் பாய்ச் சுருள்கள், சட்டி பானை, உபதேசியாரின் மடக்குக் கட்டில், எல்லாவற்றுக்கும் மேலே தார்ப்பாய். இந்தச் சாமான்களில் எதுவும் இன்று என்னிடம் இல்லை. அம்மாவின் பச்சைத் தேர்மஸ் பிளாஸ்க் கொஞ்ச காலம் இருந்தது, உள்ளே கண்ணாடி உடைந்து, குலுக்கினால் மணி மாதிரி ஒலிக்கும். நான் அத்தை பக்கத்தில் ஜன்னலோரம். வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு சலுகை.

வேன் பசறைப் பக்கம் திரும்பியபோது அத்தை ஒரு தரம் பின்னால் திரும்பிப் பதுளைப் பக்கம் பார்த்தார். அவ்வளவுதான்.

லுணுகலை வரைக்கும் நம்ம வாசம். பச்சைக் கொழுந்தும் ஈர மண்ணும் விறகுப் புகையும். பிபிலைக்கு இறங்க இறங்க ஒவ்வொருவராக ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். பிறகு காடு, காய்ந்த புல், சூடான தார். மகாஓயாவில் நானா வேனை நிறுத்தி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் அதுவரை வாந்தி எடுக்கவில்லை. நேர் ரோட்டுக்கு அது பெரிய வெற்றி. “பாத்தீங்களா, பாத்தீங்களா” என்று நானா ஒவ்வொரு மைல் கட்டைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். செங்கலடியில் கடைக்காரர் பேசிய தமிழ் எங்களுக்குப் பாதிதான் பிடிபட்டது. புசல்லாவைக்கார அம்மா, “இவங்களும் நம்மளப் போல தமிழ்தானா?” என்று காதோடு கேட்டார்.

ஓட்டமாவடிப் பாலத்தில் ரயில் தண்டவாளத்தின் மேலேயே வேனும் போனது. இதை என் பிள்ளைகள் நம்புவதில்லை. ரயில் வந்தால் என்ன செய்வது என்று நான் நடுங்கினேன். அத்தை என் கையைப் பிடித்திருந்தார், ஆனால் பாலத்தையோ ஆற்றையோ அவர் பார்க்கவில்லை.

நானாவின் மச்சான் வீட்டு முற்றத்தில் வேப்ப மர நிழல். பெரிய பாய் விரித்து, சஹன் தட்டுகளில் சோறும் ஆத்து மீன் கறியும் வைத்தார்கள். ஒரே தட்டில் பல பேர் சாப்பிடுவது எங்களுக்குப் புதிது. உபதேசியார் மட்டும் வாழையிலை கேட்டு வாங்கிக்கொண்டார். அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு நானாவிடம் கேட்டார்.

“நானா, நாம கண்டி ரோட்டுல வந்திருந்தா இந்நேரம் மாத்தளை தாண்டியிருப்பமா?”

“இன்னம் இல்ல. ஒரு ரெண்டு மூணு மணிக்கி தாண்டியிருப்போம். ஏன்?”

“சும்மாதான்.”

நானா எங்கள் கோயில் ஆளில்லை. சத்தியம் பற்றி அவருக்கு யாரும் சொன்னதில்லை. வலிக்கிற இடத்தைச் சுற்றிப் போகும் பழக்கமும் அவரிடம் இருக்கவில்லை. வாயில் சோற்றோடு நேராகக் கேட்டுவிட்டார். “மாத்தளையில யாரு இரிக்கி அக்கா?”

அம்மா தட்டில் என் பக்கத்தில் இல்லாத முள்ளைத் தேடினார். அத்தை நிமிராமல் சொன்னார்.

“என் மக இருக்கா நானா. இந்த மாசம் கப்பலேறுறா. சந்தியில நில்லு, வேன்ல வாறேன்னு சேதி அனுப்பியிருந்தேன். நிக்கிறாளோ என்னமோ.”

அப்பா சோற்றுக் கையோடு அப்படியே இருந்தார். “என்கிட்ட ஏன்க்கா சொல்லல?”

“எப்படித் தம்பி சொல்வேன்? நீயும் அன்னைக்குக் கோயில்ல இருந்தியே. ஊரைக் கூட்டி ஆணையிட்டுட்டு, இப்ப எந்த வாயால கேக்குறது?” பிறகு, “நீ எதுக்குத் தம்பி இந்த வருஷம் ரோட்டை மாத்துன?”

“ஒனக்காகத்தான்க்கா. அந்தப் பக்கம் போனா ஒனக்குத் தாங்காதுன்னு.”

அத்தை அவரை உற்றுப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “அட லூசுப் பயலே” என்றார். ஆபீசில் கிளாக்கராக இருக்கும் என் அப்பாவை வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பா கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்தபோது வரைபடத்தைக் கையோடு கொண்டுவந்து மீன் முள்ளுக்கு நடுவே விரித்தார்.

“நானா, ஹபரணையில இருந்து?”

“ஹபரணையில இருந்து இடது கைப்பக்கம் தம்புள்ளைக்கி ரோடு இரிக்கி. நல்ல ரோடு. அதால தெக்க எறங்கினா மாத்தளைதான்.” நானாவின் காதெல்லாம் சிவந்திருந்தது. “எனக்கிட்ட ஒரு சொல்லு செல்லியிருந்தா நான் யானை, மீன் எண்டு கத்தியிருப்பனா? எண்ணெய்க் காசு எனக்கி வாணாம். இப்ப வெளிக்கிட்டா இருட்ட முந்திப் போகலாம்.”

“சத்தியம்?” என்றார் அப்பா. உபதேசியாரைப் பார்த்துத்தான் கேட்டார்.

உபதேசியார் இலையை மடித்தார். “அன்னைக்கு நான் பக்கத்துலதான் நின்னேன். அது சொன்னது வீட்டு வாசப்படி. சந்தியைப் பத்திச் சொல்லல. வேனைப் பத்திச் சொல்லல. அந்தப் புள்ளை எறங்கி வந்து வேன்ல ஏறினா, அதுக்கு நம்ம என்ன பண்ண முடியும்?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்பவே அது கூடுதல் பேச்சுன்னு எனக்குத் தெரியும். ஆனா கோவத்துல நிக்கிற பொம்பளைகிட்ட யாரு போய்ச் சொல்றது?” என்றார்.

“மர நெழல் இந்த வருஷமும் போச்சு” என்றார் புசல்லாவைக்கார அம்மா. சொல்லிவிட்டு முதல் ஆளாக எழுந்து தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு நானா ஓட்டிய மாதிரி அந்த வேனை யாரும் ஓட்டியிருக்க முடியாது. மன்னம்பிட்டிப் பாலம், பொலன்னறுவைக் குளத்துக் காற்று, ஹபரணைச் சந்தி. வளைவே இல்லாத அந்த ரோட்டில்தான் நான் வாந்தி எடுத்தேன். யாரும் வேனை நிறுத்தச் சொல்லவில்லை. அத்தை தன் முந்தானையை என் வாயருகே ஏந்தினார். தம்புள்ளை தாண்டியதும் மலைகள் மறுபடி எழும்பின. வெயில் மஞ்சளாகிவிட்டது.

சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை, ஒரு பலா மரம், மேலே ஏறும் தோட்டத்து ரோடு. ரோட்டுக்குக் குறுக்கே சங்கிலி போட்டிருந்தார்கள். மரத்தடியில் யாரும் இல்லை.

கடைக்கார சிங்களவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். “ஒரு பொண்ணு காலை இருந்து நின்னது. சாப்பிட இல்லை. பிளேன்டி மட்டும் குடிச்சது. பதுளை வேன் போனதா, போனதா எண்டு கேட்டது. இப்பதான் மேலே போனது.”

“இப்பன்னா?”

அவர் கையை மேலே காட்டினார். “லயத்துக்குப் போய்ச் சேந்திருக்கும்.”

நானா ஹாரனை அழுத்தினார். விடாமல் அழுத்தினார். சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்ததே தவிர யாரும் இறங்கி வரவில்லை. யாரையாவது மேலே அனுப்பிக் கூட்டிவரச் சொல்லலாம் என்று உபதேசியார் ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் அத்தை சங்கிலியைத் தாண்டியிருந்தார். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கொழுந்து மலையில் ஏறுகிற அதே நடை. அப்பா பின்னால் ஓடினார். வளைவில் இரண்டு பேரும் மறைந்தார்கள்.

நாங்கள் கீழே இருந்தோம். அந்த மலையில் தேயிலை வாசம் இல்லை. கொக்கோக் காய் புளித்த மாதிரி ஒரு வாசம். நானா வேனுக்குப் பின்னால் பாயைப் போட்டு மஃரிப் தொழுதார். அம்மா கடைக்குழாயில் என் சட்டையை அலசினார். உபதேசியார் வேன் படியில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தவர், உருட்டாமல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு வெளிச்சம் ஒன்று ஆடி ஆடி இறங்கியது. முன்னால் மதினி, அவள் கையைப் பிடித்தபடி அத்தை. பின்னால் மதினியின் புருஷன் ஒரு பேசினில் ரொட்டியை மூடி எடுத்து வந்தார். கடைசியில் அப்பா அரிக்கேன் லாம்போடு. மதினி மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல உச்சந்தலையில் ஒரு அறை.

அழுது தீர்த்தது மேலேயே முடிந்திருக்க வேண்டும். வேனுக்குள் தாயும் மகளும் ஒரே சீட்டில் உட்கார்ந்து பேசியது இதுதான்:

“அம்மி கொண்டுபோக விடுவாங்களாம்மா?”

“அம்மியை எதுக்குடி சொமக்குற? அந்த நாட்டுல கல்லே இல்லையா?”

“பழகுன அம்மிம்மா.”

“மூணு மாசத்துல அதுவும் பழகிரும். சட்டி பானையைக் கொண்டு போ. ஒங்க மாமியா கேட்டா நான் குடுத்ததுன்னு சொல்லு.” கூரையிலிருந்து யாத்திரைக்கென்று கொண்டுவந்த சட்டிகளில் நல்லதாகப் பார்த்து இரண்டை இறக்கிக் கொடுத்தார். மீதி யாத்திரை முழுவதும் நாங்கள் கடன் வாங்கிய சட்டியில் சமைத்தோம்.

மறுநாள் மடுவில் எங்களுக்கு நிழல் கிடைக்கவில்லை. உபதேசியாரின் மண்டை மறுபடியும் உரிந்தது. அதே மாதக் கடைசியில் மதினி போனாள். அத்தை தலைமன்னாருக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. அத்தை எங்கள் தோட்டத்து மயானத்தில்தான் இருக்கிறார்.

ஒரு விஷயம் மட்டும் என் குறிப்பில் நிரப்பப்படாமல் கிடக்கிறது. மேலே, லயத்தில், அத்தை அந்த வாசற்படியை மிதித்தாரா?

அத்தையிடம் கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை. அப்பாவிடம் ஒரு தரம் கேட்டேன். “நான் முந்தியே நின்னுட்டேன். பீடி பத்தவைக்கத் திரும்புனேன், பார்க்கல” என்றார். அப்பா வாழ்நாளில் பீடி குடித்ததில்லை. உபதேசியார், தான் சந்தியில்தான் இருந்ததாகவும், அதற்காக ஆண்டவருக்கு நன்றி என்றும் சொன்னார்.

மிச்சம் இருக்கும் ஒரே சாட்சி மதினி. இப்போது நீலகிரியில் மகன் வீட்டில் இருக்கிறார். என் மகன் மடுவுக்கு வழி பார்த்த அன்று சாயங்காலம் அவருக்கே தொலைபேசி எடுத்தேன். கேட்டதும் சிரித்தார். பிறகு சொன்னார்:

“அம்மா உள்ள வந்தாங்கன்னு சொன்னா அவங்களுக்குப் பாவம். வரலைன்னு சொன்னா என் வீட்டுக்குக் குறை. நீதான் எல்லாத்தையும் எழுதி வைக்கிறவளாச்சே, ஒனக்கு எது தோணுதோ எழுதிக்க.”

எனக்குத் தோன்றுவதை எழுதும் பழக்கம் இல்லை. ஆகவே இப்படி வைக்கிறேன்: மிதித்தாரா, இல்லையா, உறுதி செய்யப்படவில்லை.